காடி

"உங்க காடி வந்துருச்சிங்க" என்றார் போனில் லெட்சுமணன்,
பட்டர்வொர்த் துறைமுகத்து ஏஜென்ட்.
எனக்குக் காடி என்றால் புளித்த நீர்.
ஊறுகாய் எதையும் நான் வரவழைக்கவில்லையே என்று
அரை நொடி விழித்தேன்.
பிறகு புரிந்தது, இங்கே கார்தான் காடி.
புளிப்பும் கொஞ்சம் இருக்கட்டும், பொருந்தும்.

காரின் விலையைவிடக் கப்பல் கூலி அதிகம் என்று
பாயான் லெப்பாஸ் அலுவலகத்தில்
கணக்குப் போட்டே காட்டினார்கள்.
சில்லு சோதிக்கிற பொறியாளர்கள், பிழை வராது.
ஒன்பது வருடம் ஓடிய வேகன் ஆர்,
பின்கதவு முதல் தடவையில் சாத்தாது.
கோயம்புத்தூரிலேயே தள்ளிவிட்டிருக்கலாம்தான்.
பிரிந்தபோது
வீடு அவர் பெயரில், வீட்டுக்கடன் இருவர் பெயரிலும்.
ஆர்.சி. புத்தகத்தில் மட்டும்
அ. மரகதவல்லி என்று
நான் தனியாக இருந்தேன்.
இதை எக்செல்லில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கப்பலேற்றும் முன் சொன்னார்கள்:
பெட்ரோல் கால் டேங்குக்கு மேல் இருக்கக் கூடாது,
பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்,
மண் ஒட்டியிருந்தால் அங்கே நிறுத்திவிடுவார்கள்,
விதை, புல், எதுவும்.
வேக்குவம் பிடித்த பையன் சீட்டுக்கடியிலிருந்து
எடுத்துக் கொடுத்தான்
கணியூர் சுங்கச்சாவடி ரசீது நான்கு, என் கிளிப் ஒன்று,
ஒரு நீலச் சட்டைப் பொத்தான்.
விதிகளில் பொத்தானைப் பற்றி ஒன்றும் இல்லை.
டாஷ்போர்டு அறையில் போட்டு மூடினேன்.
அதுவும் கடல் கடந்தது, கட்டணமில்லாமல்.

கன்டெய்னர் திறந்ததும் முதலில் வெளியே வந்தது
சூடான ரப்பர் வாசனை.
டார்ச் அடித்து சேஸிஸ் எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தார்
சுங்க அதிகாரி நோர்ஹயாத்தி.
நீளமான கார்னே புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து
முத்திரை குத்தும்போது மலாயில் ஏதோ கேட்டார்.
லெட்சுமணன் மொழிபெயர்த்தார்:
"பேசாம ஒரு மைவி வாங்கியிருக்கலாமேன்னு கேக்குறாங்க."
சிரித்து வைத்தேன். அதற்கு மொழி தேவைப்படவில்லை.

பிறகு நிபந்தனைகள்.
விற்கக் கூடாது. யாருக்கும் கொடுக்கக் கூடாது.
கைவிட்டுப் போகக் கூடாது.
வந்த உருவிலேயே திரும்பிப் போக வேண்டும்.
கையெழுத்துப் போட்டேன்.
என் வேலை அனுமதித் தாளை
அன்றிரவு இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன்.
எனக்கு அப்படி ஒரு நிபந்தனை இல்லை.

மூன்றாவது முயற்சியில் உறுமியது.
பாலத்தின் மேல், இரு பக்கமும் கடல்,
கண்ணாடியில் இன்னும் ஃபாஸ்டேக் ஒட்டியிருக்க
டோலுக்கு வேறொரு அட்டையை நீட்டினேன்.
பெட்ரோல் நிலையத்தில் மஞ்சள் குழாயைத் தொட்டதும்
பங்களாதேஷ் பையன் ஓடி வந்து தடுத்தான்.
சலுகை விலை உள்ளூர்க் காருக்கு,
டிஎன் 37க்குப் பச்சைக் குழாய்தான்.
முதல் மாதம் கோபம் வந்தது.
இப்போது கை தானாகப் பச்சைக்குப் போகிறது.

ஹார்னுக்குத்தான் வேலையே இல்லை.
அவினாசி ரோட்டில் கட்டைவிரல் தேய்ந்த அந்த இடம்
தூசி படிந்து கிடக்கிறது.
முந்தைய நாள் வேலைக்கு நேரமாகி
ஒருவனைப் பார்த்து அடித்தேன்.
தெருவே திரும்பி என்னைப் பார்த்தது,
ஏதோ உடை நழுவியவளைப் பார்ப்பதுபோல்.

நேற்று ஜெலுத்தோங் சிக்னலில்
மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்.
மழைக்கோட்டுக்குள்ளிருந்து தமிழ்:
"அக்கா, காடி பின்கதவு தொறந்திருக்கு."
இறங்கினேன். பச்சை விழுந்துவிட்டது.
ஒரு தள்ளு, சாத்தவில்லை.
குடை இல்லை, செருப்பு வழுக்குகிறது,
எனக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு கார்
விளக்கெரிய நிற்கின்றன.
இடுப்பால் இடித்தேன். அப்போதும் இல்லை.
பச்சை போய் மறுபடி சிவப்பு.
ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை.